‘பள்ளியால வந்தன்’: இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதினொரு வருடங்களுக்கு முன்னர், தரம் 8 மாணவர்களுக்கு ‘நான் கழித்த ஒரு வெள்ளிக்கிழமை’ என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். வாப்பாவோடு வாவிக்கரைக்குப் போனது, தோணியில் ஏறியது, இறால் வாங்கியது எல்லாம் கண்முன்னே நின்றன. நடுவில் ஒரு வசனம்: ‘ஜும்ஆ முடிந்து பள்ளியால் வந்தேன்.’ ‘பள்ளியால்’ என்பதைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, மேலே ‘பள்ளியிலிருந்து’ என்று எழுதினேன். அந்தக் கட்டுரையில் அப்படி ஒன்பது வட்டங்கள். கொப்பியை வாங்கிப் பார்த்தவன் திரும்பி வந்து கேட்டான்: “சேர், பள்ளியால வந்தன் என்டுதானே எல்லாரும் சொல்ற. அது பிழையா?”

“ஓம், அது கொச்சை. எழுதக் கூடாது” என்றேன். தமிழைச் சிறப்புப் பாடமாக நான்கு வருடம் படித்தவன் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான். அடுத்த கட்டுரையை அவன் அரைப் பக்கத்தில் முடித்திருந்தான். அதில் பிழை ஒன்றுமில்லை. தோணியும் இல்லை, இறாலும் இல்லை.

இலக்கணத்தை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா, அல்லது வாசிப்பாலும் பழக்கத்தாலும் அது தானாக வந்து சேரட்டும் என்று விட்டுவிட வேண்டுமா என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும் பேச்சு. நான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற கட்சி. ஆனால் அன்றைக்கு அந்தப் பையனுக்கு நான் இலக்கணம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல்லை வைத்தேன். அவன் கேட்ட கேள்விதான் உண்மையான இலக்கணக் கேள்வி. அதற்கு நான் என்ன சொல்லியிருக்கலாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நன்னூல் கணக்குப்படி ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை உருபு. கருவியையும் கருத்தாவையும் காட்டும். கத்தியால் வெட்டினான், கொத்தனால் கட்டப்பட்டது. ஓர் இடத்தை விட்டு நீங்குவதைக் காட்டுவது ஐந்தாம் வேற்றுமை. அதன் உருபுகள் இல், இன். இதற்குக் காலங்காலமாக நாங்கள் காட்டும் உதாரணம் மலையிலிருந்து விழும் அருவி. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ மலையும் கிடையாது, அருவியும் கிடையாது என்பது வேறு விஷயம். எங்கள் பேச்சிலோ இந்த இரண்டு வேலையையும் ஒரே ‘ஆல’ செய்கிறது. கத்தியால வெட்டின, கடையால வந்த, வேலையால வந்த, கொழும்பால வந்த. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதுமல்ல. யாழ்ப்பாணத்திலும் வீட்டால வருவார்கள். ஆக, அந்தப் பையன் விதி தெரியாமல் எழுதவில்லை. மூன்றாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் ஓர் உருபைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றித்தான் எழுதினான். எழுத்துத் தமிழின் விதி வேறு என்பது மட்டுமே அவனுக்குத் தெரியாது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எழுத்தில் நாங்கள் சரி என்று வைத்திருக்கும் ‘இலிருந்து’ என்பதும் அவ்வளவு சுத்தமான ஏற்பாடல்ல. ‘இல்’ ஐந்தாம் வேற்றுமைக்கும் உரியது, ஏழாம் வேற்றுமைக்கும் உரியது. இரண்டும் கலங்கியதால்தான் ‘இருந்து’ என்ற சொல்லை ஒட்டவைத்து நீங்கலைக் காட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகும் ‘வீட்டிலிருந்து படித்தான்’ என்றால், வீட்டில் தங்கி இருந்து படித்தானா, வீட்டை மையமாக வைத்துப் போய்வந்து படித்தானா என்று கேட்க இடமிருக்கிறது. ‘வீட்டால வந்தான்’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

உருபுகள் இப்படி இடம் மாறுவதைப் பழைய இலக்கணகாரர்கள் அறியாதவர்களல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே இருக்கிறது. எந்த உருபு வந்து நின்றாலும் பொருள் போகிற வழியே போய் வேற்றுமையை அறிந்துகொள் என்பது அதில் வரும் ஒரு கருத்து. பல்கலைக்கழகத்தில் இந்த இயலை நான் படித்துப் பரீட்சையும் எழுதினேன். ‘பள்ளியால’ என்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

‘வாறன்’, ‘போறன்’ என்பவையும் அப்படித்தான். நான் வாறேன் என்று சொல்லாமல் வாறன் என்று சொல்வதைக் கொச்சையின் அடையாளமாகவே பலர் நினைக்கிறார்கள். தன்மை ஒருமைக்குத் தொல்காப்பியர் காட்டும் விகுதிகள் ஏழு: கு, டு, து, று, என், ஏன், அல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இந்த ஏழோடு ‘அன்’ விகுதியையும் சேர்த்து எட்டாக்கினார். தம் காலத்து வழக்கில் அது வந்துவிட்டது; ஆகவே சேர்த்துக்கொண்டார். ‘நான் வந்தனன்’ என்று செய்யுளில் வரும்போது ஏற்றுக்கொள்கிற நாங்கள், எங்கள் உம்மா ‘நான் வந்தன்’ என்றால் முகம் சுளிக்கிறோம். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதியதை மேடைகளில் பெருமையாகச் சொல்வோம். மேடையை விட்டு இறங்கி வகுப்புக்குப் போனதும் சிவப்புப் பேனையை எடுத்துக்கொள்வோம்.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பாடசாலை இலக்கணம் நன்னூலின் வழிவந்தது. ஆறுமுக நாவலர் அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசன நடையில் சுருக்கித் தந்தார். அதன் சாயல்தான் இன்றைக்கும் பாடநூல்களில் இருக்கிறது. நன்னூல் தமிழ் தெரியாதவனுக்குத் தமிழ் படிப்பிக்க எழுந்த நூலல்ல. தமிழ் நன்றாகத் தெரிந்தவன், தனக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்திக்கொள்ள எழுந்தது. அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வரைவிலக்கணமாகக் கொடுக்கும்போது, பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் ஒரு பிள்ளை எட்டு வேற்றுமைகளையும் உருபுகளோடு பாடமாக ஒப்புவிக்கும். அடுத்த பக்கத்தில் ‘ஒவ்வொரு மாணவர்களும் வந்தார்கள்’ என்று எழுதும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

வெளிநாட்டு ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. 1963 இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பிராடொக்கும் அவரது குழுவினரும் வெளியிட்ட அறிக்கை, தனியாகப் படிப்பிக்கும் இலக்கணம் பிள்ளைகளின் எழுத்தை முன்னேற்றுவதில்லை, எழுதிப் பழகும் நேரத்தைத் தின்பதால் கெடுதலாகவும் முடியலாம் என்றது. 1980 களில் ஸ்டீபன் கிரஷன், இரண்டாம் மொழியைப் பொறுத்தவரை விதியைத் தெரிந்து படிப்பது வேறு, மொழி உள்ளே ஊறுவது வேறு என்றார். 2000 இல் நொரிஸ், ஒர்ட்டேகா ஆகிய இருவர் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இரண்டாம் மொழி கற்பவர்களுக்கு விதியை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பதே கூடுதல் பலன் தருகிறது என்று காட்டினார்கள். அந்த ஆய்வுகளில் பலவற்றின் சோதனைகளே இலக்கணப் பயிற்சி போன்றவை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. 2012 இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தில் டெப்ரா மைஹில் குழுவினர், எழுத்துப் பாடத்துக்குள்ளேயே இலக்கணத்தை வைத்துப் படிப்பித்தால் பிள்ளைகளின் எழுத்து முன்னேறுகிறது என்று கண்டார்கள். இவற்றையெல்லாம் வாசித்தபோது எனக்குப் பட்டது இது: சண்டை இலக்கணம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. எந்த நேரத்தில், எதைத் தொட்டுச் சொல்வது என்பதில்தான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் சமூகத்துக்கு எக்ஸெற்றர் வரை போகத் தேவையில்லை. அறபு இலக்கணமாகிய நஹ்வு பிறந்த கதையே போதும். அத்தவ்பா அத்தியாயத்தின் மூன்றாவது வசனத்தில் ‘ரஸூலுஹூ’ என்று ளம்மாவோடு ஓத வேண்டியதை ஒருவர் கஸ்ராவோடு ஓதிவிட்டார். அந்த ஓர் உயிர்க்குறி மாறியதில், இணைவைப்போரிடமிருந்து அல்லாஹ்வும் அவனது தூதரும் விலகியவர்கள் என்ற பொருள் கெட்டு, அல்லாஹ் தன் தூதரிடமிருந்தும் விலகியவன் என்ற விபரீதமான பொருள் வந்தது. அதைக் கேட்டு அதிர்ந்துதான் அபுல் அஸ்வத் அத்துஅலீ இலக்கணம் வகுக்க முன்வந்தார் என்பது மரபு. அறபு இலக்கணத்தின் தலைசிறந்த நூலான ‘அல்கிதாப்’ஐ எழுதிய ஸீபவைஹி பாரசீகர். பஸராவுக்கு ஹதீஸ் படிக்கப் போன இடத்தில், ஒரு சொல்லின் வேற்றுமை ஈற்றைப் பிழையாகச் சொல்லி ஆசிரியரால் திருத்தப்பட்டார் என்றும், இனி என்னை யாரும் இப்படித் திருத்த முடியாதவாறு படிப்பேன் என்று கலீல் இப்னு அஹ்மதிடம் போய்ச் சேர்ந்தார் என்றும் வரலாறுகளில் வருகிறது. ஒரு திருத்தம் ஒருவரை அல்கிதாப் எழுத வைத்தது. நான் போட்ட வட்டம் ஒரு பிள்ளையை அரைப் பக்கத்தில் நிறுத்தியது. ஸீபவைஹிக்குத் திருத்தத்துக்குப் பிறகு போய்க் கேட்க ஒரு கலீல் இருந்தார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அறபு மத்ரஸாக்களில் ஆஜுரூமிய்யா ஓதுகிறார்கள். பெஸ் நகரத்து இப்னு ஆஜுரூம் எழுதிய சின்ன நூல் அது. அவர் 1323 இல் மௌத்தானார். ஸைது அம்ரை அடித்தான் என்ற பழைய உதாரணத்தில் அடித்தவன் ‘ஸைதுன்’, அடிபட்டவன் ‘அம்ரன்’. சொல்லின் ஈற்றைப் பார்த்துத்தான் யார் யாரை அடித்தது என்று தெரியும். இதை ஓதின பிள்ளைக்குத் தமிழில் ‘அம்ரை’ என்பதிலுள்ள ஐ என்ன வேலை செய்கிறது என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் மத்ரஸாவில் படிப்பதும் பாடசாலையில் படிப்பதும் ஒரே விஷயம் என்று அந்தப் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் யாரும் சொல்வதில்லை.

‘ஆல’வுக்கும் இந்த வழி உதவுகிறது. ஓதத் தொடங்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் அஊது சொல்கிறது, பிறகு பிஸ்மி சொல்கிறது. அஊதுவில் ‘மின்’ இருக்கிறது, ஷைத்தானை விட்டு நீங்குவதற்கு. பிஸ்மியில் ‘பி’ இருக்கிறது, அல்லாஹ்வின் பெயரைக் கொண்டு தொடங்குவதற்கு. வீட்டை விட்டு வந்தால் அறபியில் ‘மின்’, கத்தியைக் கொண்டு வெட்டினால் ‘பி’. “நம்மட பேச்சில ரெண்டுக்கும் ஆலதான். எழுத்துத் தமிழ் அறபியப் போல ரெண்டாப் பிரிக்குது” என்று சொன்னால், தரம் 8 பிள்ளைக்கு விளங்குகிறது. வரைவிலக்கணம் அதற்குப் பிறகு வரட்டும்.

நான் இந்தப் பாதைக்கு வந்தது சிங்களவர்களுக்குத் தமிழ் படிப்பிக்கப் போனபோதுதான். 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. 2007 ஜூலை 1 க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதி வந்தது. அதன் பேரில் நடந்த சனிக்கிழமை வகுப்பொன்றில் சில காலம் படிப்பித்தேன். அங்கே எழுவாய், பயனிலை என்று தொடங்கிய முதல் நாளே என் நன்னூல் கைவிட்டுவிட்டது.

வகுப்பில் இருந்த ஒரு தாதி தனக்கு நடந்ததைச் சொன்னார். ஒரு பிள்ளை மருந்து குடித்துவிட்டது என்று அதன் வாப்பாவிடம் சொல்ல நினைத்து, ‘பிள்ளை மருந்து குடிச்சேன்’ என்று சொல்லியிருக்கிறார். வாப்பா பதறிப்போய், யார் குடித்தது என்று மூன்று தரம் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் தாதி அதே வசனத்தைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். அந்த வாப்பா பிள்ளை இன்னும் குடிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை கொடுத்திருந்தால் சிரிக்க முடியாது.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதில்லை. மம பிவ்வா, நான் குடித்தேன். லமயா பிவ்வா, பிள்ளை குடித்தது. வினை இரண்டு இடத்திலும் ஒன்றே. அப்படிப் பழகினவருக்குத் தமிழ் வினையின் வால் எதற்கு என்றே தோன்றாது. நூறு தரம் திருத்தினாலும் நூற்றோராவது தரம் அதே பிழை வரும். ஆனால் எழுத்துச் சிங்களத்தில் வால் இருக்கிறது: மம கியெமி, ஒஹு கியேய. நான் போனேன், அவன் போனான். “நீங்கள் பாடசாலையில் எழுதின சிங்களத்தை நினையுங்கள், நாங்கள் அப்படித்தான் பேசுகிறோம்” என்றேன். அந்தத் தாதி பேனையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியா என்று கேட்டார். பிழை அன்றோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு, பிழைவிட்டதும் தானே நின்று திருத்திக்கொள்ளத் தொடங்கினார். விதியை வெளிப்படையாகச் சொல்வதால் உடனடியாகக் கிடைப்பது அதுதான். நாக்குப் பழகுவது அதன் பிறகு, மெதுவாக.

இதில் எங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. தெற்கிலும் மேற்கிலும் உள்ள முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் ‘நான் வந்த, அவன் வந்த, உம்மா வந்த’ என்று வால் இல்லாமலே வினை வரும். கிழக்கிலும் நாங்கள் பல இடங்களில் அப்படிப் பேசுகிறோம். மேலே அந்தப் பையன் ‘எல்லாரும் சொல்ற’ என்று கேட்டதைப் பாருங்கள். அப்படிப் பேசும் பிள்ளை தன் கட்டுரையில் வினைமுற்றில் தடுமாறினால், சோம்பல் என்று முடிவுகட்டாமல், தாதிக்குச் சொன்னதைத் தலைகீழாக அதற்கும் சொல்லலாம்.

சில இடங்களில் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ‘எனக்குப் பசிக்குது’ என்பதில் எழுவாய் எங்கே என்று ஆங்கிலம் படித்தவன்தான் தலையைப் பிய்ப்பான். சிங்களத்தில் ‘மட்ட படகினி’ என்றே சொல்வதால் அவர்கள் கேட்கவே இல்லை. அதைப் பாடத்திட்டத்தில் இருக்கிறதென்று நான் அரை மணித்தியாலம் விளக்கியது வீண். ‘பள்ளியால வந்தன்’ என்பதையும் அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பிஹியென் கபனவா, கத்தியால் வெட்டுவது. கெதரின் எனவா, வீட்டால் வருவது. சிங்களத்திலும் கருவிக்கும் நீங்கலுக்கும் ஒரே வடிவம்தான். என் மாணவனுக்குக் கொச்சை என்று நான் தள்ளியதை ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் இலக்கணமாக எனக்கு விளக்கிக் காட்டினார்.

எங்கள் பிள்ளைகள் சிங்களம் படிக்கும்போது தடுக்குவது வேறிடம். தமிழில் ஆளும் இருக்கும், புத்தகமும் இருக்கும். சிங்களத்தில் உயிருள்ளதற்கு ‘இன்னவா’, உயிரற்றதற்கு ‘தியெனவா’. எங்கள் பிள்ளை ‘பொத இன்னவா’ என்று சொல்லும்போது, புத்தகம் உயிரோடு மேசையில் குந்தியிருப்பது போலக் கேட்கிறவருக்கு இருக்கும். உரையாடலைப் பாடமாக்கி மட்டும் இதைத் தாண்டுவது கஷ்டம். உயர்திணை, அஃறிணை என்று தமிழில் படித்ததைச் சற்று நகர்த்தி, மாடும் பூனையும் ‘இன்னவா’ பக்கம் சேரும் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சொல்லிக் கொடுப்பதால் பலன் இல்லாத இடங்களும் உண்டு. ல, ள, ழ எங்கே வரும், ர, ற எங்கே வரும் என்பதற்கு விதி சொல்லி மாளாது. அது கண்ணால் வாசித்து வாசித்து வர வேண்டியது. வலி மிகுவது அப்படியல்ல. இரண்டாம் வேற்றுமை ஐயும் நான்காம் வேற்றுமை குவும் வெளிப்பட்டு நின்றால் பின்னால் வலி மிகும் என்ற ஒரே விதி, ஒரு தவணைக்குள் கொப்பிகளில் வித்தியாசம் காட்டும். அதையும் பிள்ளையின் வாயிலிருந்தே எடுக்கலாம். “கடைக்குப் போ” என்று சத்தமாகச் சொல்லச் சொன்னால் ப் அங்கே கேட்கும். “மீனப் புடிச்சன்” என்பதிலும் கேட்கும். “மீன் புடிச்சன்” என்பதில் கேட்காது. ஏன் என்று கேட்டால் பிள்ளைகளே சொல்கிறார்கள்: மீன் பிடித்தது என்றால் தொழிலோ பொழுதுபோக்கோ, மீனைப் பிடித்தது என்றால் முன்பு பேசிய அந்த மீன். ஐ உருபு எப்போது தொகும், எப்போது விரியும் என்பதை எந்தப் பாடநூலும் இப்படி எனக்குச் சொல்லித் தரவில்லை. வாவிக்கரைப் பிள்ளைகள் சொன்னார்கள்.

கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் 1999 இல் வெளியிட்ட ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ இன்றைய எழுத்துத் தமிழை எடுத்து விளக்குகிறது. வகுப்புக்குப் போகுமுன் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனாலும் எங்கள் பேச்சிலிருந்து எழுத்துக்குப் பாலம் போடும் வேலையை ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பில் தானேதான் செய்ய வேண்டியிருக்கிறது. 1738 இல் தரங்கம்பாடியில் அச்சான கொடுந்தமிழ் இலக்கணத்தில் வீரமாமுனிவர் பேச்சுத் தமிழை மதித்து விதி எழுதினார். அவர் எழுதியது பாதிரிமாருக்காக. எங்கள் பிள்ளைகளுக்காக, அவர்கள் பேசுவதிலிருந்து தொடங்கும் ஒரு சிறு கைநூலை, தமிழாசிரியரும் மௌலவியும் சிங்கள ஆசிரியரும் ஒரு மேசையில் இருந்து எழுதினால் என்ன என்று ஆசைப்படுகிறேன்.

பரீட்சைத் தாளில் ‘பள்ளியால் வந்தேன்’ இன்றைக்கும் பிழைதான். நானும் இன்றைக்கும் அதைத் திருத்துகிறேன். வட்டத்துக்குப் பதிலாக ஓரத்தில் ‘பேச்சில் ஆல, எழுத்தில் இலிருந்து’ என்று எழுதுகிறேன். நேரம் எடுக்கிறது. நாற்பது கொப்பிகள் என்றால் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் முடியாது.

போன மாதம் தரம் 9 இல் வேற்றுமை நடந்தபோது ஒரு மாணவி எழும்பினாள். “சேர், ‘வாப்பாட்ட சல்லியக் குடு’ என்டும் சொல்ற, ‘வாப்பாட்ட சல்லிய வாங்கு’ என்டும் சொல்ற. ஒன்டு போகுது, ஒன்டு வருது. ரெண்டுக்கும் ஒரே ‘ட்ட’. அது எத்தனையாம் வேற்றுமை?” கொடுக்கும்போது நான்காம் வேற்றுமை என்றது ஒரு வரிசை, வாங்கும்போது ஐந்தாம் வேற்றுமை என்றது மற்ற வரிசை. ‘கிட்ட’ என்பது இடம், ஆகவே ஏழாம் வேற்றுமை என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் மணி அடித்துவிட்டது.